வேதநாயகம் எடுக்கச் சொன்ன பெயர்

வலங்கைமான் பக்கத்தில் தை மாதம் யாருக்கு அறுவடை மிஷின் வேண்டுமென்றாலும் வேதநாயகத்தைத்தான் தேடி வருவார்கள். அறுக்க ஆள் கிடைத்த காலத்தில் அவரும் குத்தகைக்கு உழுதவர்தான். இளவட்டங்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிப் போனபின், ஆத்தூர்ப் பக்கமிருந்து மிஷின்களை வரவழைத்து வயல் வயலாக அனுப்பும் தரகரானார். யாரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

மகள் ஆஷ்லினுக்குப் பத்து வயதில் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரையில் அடங்குகிற வியாதி இல்லை அது. தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும். "வெளிய மூச்சு விடக்கூடாது, நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்றார் வேதநாயகம். மனைவி மரியபுஷ்பம் தலையாட்டினாள். கோயிலில் ஜெபத்துக்குக்கூடப் பெயர் கொடுக்கவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கும் வரை ஈரமணல் சட்டியில், அடுப்படி மூலையில் மறைவாக மருந்து இருந்தது.

ஆஷ்லின் ஒன்பதாவது படிக்கும்போது தஞ்சாவூரில் அவளைப் பார்த்துவந்த டாக்டர் ப்ரியம்வதா ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார். சர்க்கரை உள்ள பிள்ளைகள் மத்தியான ஊசியை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகச் சில பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் வரச் சொன்னார்.

"பரிசோதனை பண்ணவா டாக்டரம்மா?" என்று சந்தேகமாகக் கேட்டார் வேதநாயகம்.

"இல்ல சார். என்ன கேள்வி கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு அவங்களே எங்களுக்குச் சொல்லணும். இந்த வேலையில அவங்களும் பங்காளிங்க."

பங்காளி என்றால் வேதநாயகத்துக்கு வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும். ஆனாலும் பாபநாசம் வழி பஸ்ஸில் மகளைக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியே கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர்கள் தயாரித்த கேள்வித்தாளை வாசித்துக் காட்டினார்கள். ஊசியை விட்டதற்குக் காரணம் மறதியா, மருந்து தீர்ந்துவிட்டதா, வலியா? பிறகு ஆஷ்லினின் குரல் கேட்டது.

"மறக்கல டாக்டர். போட்டுக்க இடமில்ல. எங்க ஸ்கூல் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு தடவ ஊசியோட பாத்துட்டாங்க. மறுநாள்லேருந்து பக்கத்துல யாரும் உக்காரல. யாராவது பாத்துருவாங்கன்னு பயமா இருந்துச்சான்னு கேளுங்க. எல்லாரும் ஆமான்னுவாங்க."

பிறகு அய்யம்பேட்டைப் பையன் காதர் மைதீன், "எனக்கும் அதேதான்," என்றான். ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் கேள்வித்தாளே மாறிவிட்டது.

தாழ்ப்பாள் விஷயத்தை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தார் வேதநாயகம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்த முகமாக இருந்தாள். சரி, அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிட்டார். அந்த வருஷம் முழுக்க அவள் சனிக்கிழமைக்காகவே காத்திருந்தாள். பள்ளி பள்ளியாகப் போய் மற்ற பிள்ளைகளிடம் கேள்வி கேட்டாள். வந்த பதில்களை டாக்டர்களோடு உட்கார்ந்து அலசினாள்.

சென்னையில் டாக்டர்கள் மாநாடு ஒன்றில் பிள்ளைகளே பேசுவதாக ஏற்பாடானது. முதலில் பேசப்போவது ஆஷ்லின். அதற்குள் பத்திரிகையில் அவர்கள் படத்தோடு சின்னதாக ஒரு செய்தி வந்துவிட்டது. காலையிலேயே ஒரத்தநாட்டிலிருந்து வேதநாயகத்தின் அக்கா போன் செய்தார்.

"ஏண்டா, பொண்ணுக்குச் சர்க்கரைன்னு ஊருக்கே தமுக்கடிக்கிறியா? பின்னால வரன் பாக்கணும்னு நாலு எடத்துல நான் சொல்லி வச்சிருந்தேனே."

மகளை இனி அனுப்புவதில்லை என்று அன்றைக்கே வேதநாயகம் முடிவெடுத்துவிட்டார். டாக்டர் ப்ரியம்வதா வீடு தேடி வந்து, "அவ இல்லாம இந்த வேலையே இல்ல சார்," என்று கேட்டுப் பார்த்தார்.

"படிப்பு கெடுது டாக்டரம்மா."

"ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறப்ப அவ பேரையாவது போடட்டுமா?"

"பேரு வேண்டாம். எடுத்துடுங்க."

ஆஷ்லின் கதவோரம் நின்றிருந்தாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். சென்னையில் அவள் பேச வேண்டியதைக் காதர் மைதீன் பேசினான். சில பள்ளிகளில் ஊசி போட்டுக்கொள்ள ஒரு தனி அறை ஒதுக்கினார்கள் என்று வேதநாயகம் பிறகு கேள்விப்பட்டார். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆஷ்லின் என்ஜினியரிங் முடித்ததும் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் அமைந்தான். வியாதியை மறைத்தே பேச்சை முடித்தார் வேதநாயகம். கோயிலில் கல்யாண ஓலை எழுதும் நாள் நெருங்கியபோது ஆஷ்லினே பையனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். இரண்டு நாளில் சம்பந்தம் முறிந்தது. வேதநாயகம் ஆத்திரத்தில் என்னென்னவோ பேசினார். அவள் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"நான் சொன்னதக் கேக்க ஒரு எடத்துல ஆளு இருந்தாங்கப்பா. கேட்டுட்டு, அவங்க செய்றதையே மாத்திக்கிட்டாங்க. அத நிறுத்துனது நீங்க. மறுபடியும் என்னால வாய மூடிட்டு இருக்க முடியாது."

அந்த மாதமே பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அயர்லாந்து. கிறிஸ்துமஸுக்குக்கூட எல்லா வருஷமும் வருவதில்லை. மாதாமாதம் பணமும், ஞாயிற்றுக்கிழமை போனும் தவறாமல் வரும். போனில் அம்மாவோடுதான் பேச்சு. வேதநாயகத்தின் முறை வரும்போது இரண்டு வார்த்தையோடு நின்றுவிடும்.

போன வருஷம் சம்பா அறுப்பு முடிந்ததும் வேதநாயகம் தனியாகத் தஞ்சாவூர் போனார். டாக்டர் ப்ரியம்வதாவுக்குத் தலை நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அந்தக் கட்டுரையில இப்ப அவ பேரச் சேர்க்க முடியுமா டாக்டரம்மா? நான்தான எடுக்கச் சொன்னேன். நானே வந்து கேக்குறேன்."

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். "அச்சாகி வருஷக்கணக்காச்சு சார். இனிமே முடியாது. ஆனா அவ மாத்திச் சொன்ன கேள்வியைத்தான் இன்னிக்கும் கேக்குறோம். அத அவகிட்ட சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது மரியபுஷ்பத்திடமிருந்து அவரே கேட்டு வாங்கினார். தஞ்சாவூர் போனதையும் டாக்டர் சொன்னதையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். "நான் செஞ்சது தப்பும்மா," என்றார்.

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"விடுங்கப்பா," என்றாள் ஆஷ்லின். குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா," என்றார். போனை மனைவியிடம் கொடுத்தார்.