ஏலக்காய் வைத்தியம்

மதுவிலக்குக் காலத்திலும் போடியில் என் சித்தப்பாவுக்குச் சாராயம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கோயிலில் கயிறு கட்டியும் கஷாயம் கொடுத்தும் தீராத குடியை மலைக்காற்று தீர்த்துவிடும் என்று அப்பா அவரைப் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டத்துக்கு அனுப்பினார். மதுவிலக்கு மாநில எல்லையான மெட்டோடு முடிந்துவிடும், அந்தப் பக்கம் சாராயக்கடை பட்டப்பகலில் திறந்திருக்கும் என்பது எங்கள் வீட்டு மேதைகளுக்குத் தோன்றவில்லை.

அவர் ஊருக்கு இறங்கும்போதெல்லாம் சித்தி வாசலிலேயே நிறுத்தி, "எங்க, வாய ஊதுங்க" என்பாள். வழியெல்லாம் ஏலக்காய் மென்றுவந்த சித்தப்பா தாராளமாக ஊதுவார்.

"பாருங்கக்கா, வெறும் காய் வாசந்தான். மனுசன் திருந்திட்டாரு!" என்று சித்தி பக்கத்து வீட்டில் பூரித்தாள்.

அடுத்த வாரமே எங்கள் தெருக் குடிகாரர்கள் தாங்களாகவே வைத்தியத்துக்கு மலையேறினார்கள். மனைவிமார் கட்டுச்சோறு கொடுத்து வழியனுப்பினார்கள்.