காரைப் புதரிலிருந்து ஒரு கூவல்

கௌதாரியைச் சுடுவது ஒரு வேலையே இல்லை, அதைக் கூப்பிடுவதுதான் வேலை என்பார் மச்சான். என் அக்காவின் கணவர். செங்கல்பட்டில் தோல் மண்டி வைத்திருந்தார். இரண்டு விரலை உதட்டோரம் வைத்து, கன்னத்தை உள்ளிழுத்து, தொண்டையிலிருந்து மூன்று துண்டாக வெட்டி வெட்டிக் கூவுவார். ஆண் கௌதாரிக்குத் தன் எல்லைக்குள் இன்னோர் ஆணின் குரல் கேட்டால் பொறுக்காது, சண்டைக்கு நேரே வந்து நிற்கும். வம்புக்கு இழுத்துவிட்டுப் புதருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒளிந்திருப்பது என்ன வீரம் என்று ஒருமுறை கேட்டேன். "கறி துன்னும்போது இத்த கேக்கலியே நீ" என்றார்.

அந்தப் பைத்தியம் அவருக்கு மீசை முளைக்கும் முன்பே பிடித்ததாம். நிக்காஹ் முடிந்த மறுநாள் விடியலில் மாப்பிள்ளையைக் காணோம் என்று எங்கள் வீட்டில் தேடிக் கலங்கிப்போனார்கள். வெயில் ஏறிய பிறகு திருக்கழுக்குன்றம் சாலையில், சைக்கிளில் நாலு பறவைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மழைக்காலம் கழிந்தால் மண்டியில் அவரைப் பார்க்க முடியாது. மாமல்லபுரம் பக்கம் சவுக்குத் தோப்புகளை ஒட்டிக் கிடந்த காரைப் புதர்க் காட்டில்தான் இருப்பார். அந்தக் காடு தனக்குச் சக்களத்தி என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவர் வேட்டையில் ஒரு கண்டிப்பு உண்டு. பறவை குண்டடியிலேயே சாகக் கூடாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் ஹலால். அதனால் தாழ்த்திச் சுட வேண்டும், காலோ இறக்கையோ ஒடிந்தால் போதும். சுட்ட கையோடு கத்தியை விரித்துக்கொண்டு ஓட வேண்டும். பிந்தினால் காக்கைக்குத்தான்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதல் சர்க்கார் உத்தியோகம். என்னைவிட மச்சானுக்குத்தான் சந்தோஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை காட்டில் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். "இன்னிக்கி நீ சுடு. நான் கூப்ட்டுகினு கீறேன்." லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது, நான் அதைத் தொட்டிருக்கவே கூடாது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் எனக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பனையடியில் உட்கார்ந்து கூவுவது, நான் எதிரே மட்டும் பார்த்துச் சுடுவது என்று ஏற்பாடு.

அவர் கூவினார். தூரத்தில் ஒன்று பதில் கொடுத்தது. பிறகு அது விலகிப் போயிருக்க வேண்டும். விட மனமில்லாமல் மச்சான் எனக்குத் தெரியாமல் சுற்றித் தவழ்ந்து, எனக்கு எதிரே இருந்த காரைப் புதருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து கூவினார். எத்தனையோ வருஷம் அந்தக் குரலைக் கேட்டவன் நான். அன்று எனக்கு அது பறவையாகத்தான் கேட்டது. புதரின் அடியில் பழுப்பாக ஏதோ அசைந்தது. சொல்லிக் கொடுத்தபடியே தாழ்த்திச் சுட்டேன். பிஸ்மில்லா என்று கத்திக்கொண்டு, விரித்த கத்தியோடு ஓடினேன்.

முகத்தை இரு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தார். விரலிடுக்கெல்லாம் ரத்தம். கத்தியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றேன். "அழுவாதடா. துப்பாக்கிய என் பக்கத்துல போடு. என் கைதவறி வெடிச்சிதுன்னு சொல்லு. இல்லாங்காட்டி உன் வேல பூடும்" என்றார். இரண்டு கண்ணும் போன பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். சவுக்கு ஏற்ற வந்த மாட்டு வண்டியில் கிடத்திச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தேன். அடிபட்டவரே சொல்லும்போது போலீஸார் மேலே கிளறவில்லை. அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, நீ இல்லாவிட்டால் அவர் உயிரே போயிருக்கும் என்று அழுதாள்.

காயம் ஆறியதும் மச்சான் எனக்கு ஆள் அனுப்பினார். "கண்ணுதானே பூட்ச்சி? வாய் கீது இல்ல?" என்றார். லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற வைத்தார். துப்பாக்கியை இனித் தொடவே கூடாது என்று இருந்தேன். ஆனால் அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கேது வாய்? அவர் மவுத்தாகி மண்ணுக்குள் போகும்வரை, ஏறக்குறைய பதினைந்து வருஷம், ஞாயிறுதோறும் அவரைக் கூட்டிப்போனேன். அவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வேன். அவர் கூவுவார், நான் சுடுவேன், அவர் முகம் மலரும். மச்சினன் என்றால் இவனைப் போல இருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு ஊர் கொடுத்த பட்டம்.

மச்சானுக்காக அக்கா துக்கம் காத்த இத்தா முடிந்த வாரம், துப்பாக்கியை என்ன செய்வது என்று கேட்க அக்காவிடம் போனேன். சர்க்காரிடம் ஒப்படைத்துவிடச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"எத்தினி கௌதாரி உரிச்சிருப்பேன் நான்? கிட்டக்க வெடிச்சா சத கரிஞ்சி பிஞ்சி பூடும். தூரத்துலேர்ந்து சுட்டாதான் ரவ அங்கங்க ஒண்ணொண்ணா நிக்கும். அவரு மூஞ்சிக்கி மருந்து போட்ட மொத நாளே எனக்குத் தெரியும்."

"அப்பவே ஏன்க்கா கேக்கல?"

"அவரு சொல்ல மாட்டாரு. நீ சொல்லுவேன்னு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் நீ படி ஏறும்போது, இன்னிக்கி சொல்லிடுவான்னு நெனப்பேன்."

அப்போதாவது நான் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். என் வாயில் முதலில் வந்தது, "மச்சான்தான் அப்டி சொல்லச் சொன்னாரு" என்பதுதான். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகும் அவள் பல வருஷம் இருந்தாள். பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவாள், என் பிள்ளைகளின் கல்யாணத்தில் முன்னால் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வர வேண்டாம் என்றாள். அவளும் போய்விட்டாள். இப்போது என்னைக் கேட்க யாருமில்லை, வேலை போய்விடும் என்ற பயமுமில்லை. மச்சானைச் சுட்டவன் நான்தான் அக்கா.