ஒரு ‘ங்க’ குறைந்தபோது

எங்கள் பக்கம் ஒருவரைத் திட்டுவதாக இருந்தாலும் ‘ங்க’ சேர்த்துத்தான் திட்டுவோம். “உங்களுக்கு மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லீங்களா?” என்று கேட்டால் கேட்டவனுக்கு அடி விழாது. பத்தாவதோடு நின்றுபோன எனக்கு அந்த ‘ங்க’ பெரிய துணை. அதை முன்னால் நிறுத்திவிட்டு யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்வேன்.

திருப்பூர் வீரபாண்டியில் என்னுடைய பைக் ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த கட்டடம் ஒரு பனியன் கம்பெனி. அதன் முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து, துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கிய குடோனில் நிறுத்தியிருந்தார். ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோணமாக ஒரு இரும்பு உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். கார் தரையோடு தரையாகக் கிடந்தது.

“ஏனுங்கண்ணா, மீதிக் காரை எப்பங்க தோண்டி எடுப்பீங்க?”

“உன்ற வாயைக் கழட்டித்தான் மொதல்ல ரிப்பேர் பண்ணோணும். வந்து கார்புரேட்டரைப் பாரு தம்பி.”

கார் ஓடியே ஆக வேண்டும் என்று அவரைவிட அவர் மனைவிக்கு ஆசை. அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, பல மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. முதல் பயணம் அவினாசி கோயிலுக்கு, அதுவும் இந்தக் காரில்தான் என்று சொல்லிவிட்டார். முட்டி பாதிக்கு மேல் மடங்காது. தாழ்வான சீட்டில் உட்கார்ந்தால், எழுப்பி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும்.

நான் பைக் கார்புரேட்டர் பார்க்கிறவன். இது நான்கு பைக் கார்புரேட்டரை ஒன்றாக ஒட்டியது போல இருந்தது. பெட்ரோல் தேங்கும் கிண்ணம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் சின்னக் கண்ணாடிச் சன்னல். பெட்ரோல் அந்தக் கண்ணாடியின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் மிதவை மேலெழுந்து ஊசியை அழுத்தி, வரும் வழியை அடைத்துவிடும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் பிடிக்காமல் போனது அதற்குக் கீழே இருந்த குழாய்தான். இந்த எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் நெருப்புப் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் கிளம்புகிறது. எஞ்சின் ஓடும்போது அதன் அருகில் கை வைத்தால் ரோமம் கருகும். அதைப் பார்த்த அன்று எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

கூரியரில் வந்த புது ஊசிகளையும் கேஸ்கட்டுகளையும் பரப்பி வைத்து, ஜெட் என்ற பெட்ரோல் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். கிண்ணத்தைத் துடைக்க நான் எடுத்த வேஸ்ட் துணியை அண்ணன் பிடுங்கிப் போட்டார்.

“அழுக்குத் துணியில தொடைக்காதே. இந்தா, எக்ஸ்போர்ட் பீஸு. கொழந்தைங்க மேலுக்குப் போடறது.”

ரோஸ் நிறத்தில் புசுபுசுவென்று ஃப்ளீஸ் துணி. கிண்ணத்தின் உட்புறத்தை அவரே துடைத்தார், குளிப்பாட்டிய குழந்தையின் காது மடலைத் துடைப்பது போல. பிறகு காருக்கென்றே அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

“பவுடர் பூசிப் பொட்டு வெக்கலீங்களா?” என்று கேட்டபடி மூடியை முடுக்கினேன்.

மின்விசிறிக் காற்றில் குடோன் முழுவதும் பஞ்சு பறந்தது. எங்கள் டீயில் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு, தூங்கி எழுந்தால் மூக்கில் பஞ்சு. திருப்பூர்க்காரன் கண்ணுக்குப் பஞ்சு அழுக்காகத் தெரியாது.

எஞ்சின் பிடித்தது. பெட்ரோல் கோட்டில் நின்றது. அண்ணன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணா, தீப்புடிச்சிருச்சுங்க!”

அவர் ஒரு செருப்போடு குடோனுக்கு வெளியே போய் நின்றார். குடோனை ஒட்டிய வீட்டுச் சன்னலில் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குச் சிரித்த சிரிப்பில் டீ புரையேறியது.

வெள்ளிக்கிழமை காலை அக்காவை நாங்கள் இருவரும் தாங்கிப் பிடித்து சீட்டில் இறக்கினோம்.

“நல்லா நட்டு வெச்சுட்டீங்க கண்ணு. தண்ணி ஊத்துனா மொளைச்சிருவேன்.”

நான் டூல்ஸ் பையோடு பைக்கில் பின்னால் போனேன். டவுனைத் தாண்டும்வரை கார் நன்றாகவே ஓடியது. அவினாசி ரோட்டில் சிக்னல் விழுந்து வண்டிகள் நெருங்கி நின்றன. காருக்கு முன்னால் நூல் மூட்டை ஏற்றிய டெம்போ. இடது பக்கம், அக்காவின் கதவை ஒட்டி, துணி ரோல் ஏற்றிய லாரி. பெட்ரோல் வாசம் வந்தது. இத்தனை வண்டியில் ஏதோ ஒன்று என்று நினைத்தேன். பிறகுதான் காருக்கு அடியில் பார்த்தேன். தார் ரோட்டில் ஒரு சொட்டு. அதன் மேலேயே இன்னொன்று. விழுந்ததும் விளிம்பிலிருந்து காய்ந்தது; தண்ணீர் அப்படிக் காயாது. பானெட் இடுக்கில் மெல்லிய ஆவி. உள்ளே, தோசைக்கல்லில் நீர் தெளித்தது போல ஒரு சத்தம்.

பைக்கை அப்படியே கீழே விட்டு ஓடினேன்.

“வண்டிய அணை.”

அண்ணன் சிரித்தார். “மறுபடியும் தீயா?”

“அணை. எறங்கு.”

சிரிப்பு போய் முகம் கறுத்தது. “யாரைப் பாத்துடா எறங்குங்கறே?”

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். உள்ளே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பானெட்டைக் கையால் காட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

“பையன் ‘ங்க’ போடலீங்க. நெசமாத்தான் சொல்றான்.”

எஞ்சின் நின்றது. ஆவி நிற்கவில்லை. அண்ணன் தன் பக்கம் இறங்கி, என்னோடு காரைச் சுற்றி ஓடி வந்தார். லாரியில் இடித்து அக்காவின் கதவு பாதிதான் திறந்தது. அந்த இடுக்கில் அவரை எப்படித் தூக்குவது? நான் கக்கத்தில் கை கொடுத்தேன்; அண்ணன் இடுப்பைப் பிடித்தார். கால் மடங்காமல் கதவடியில் மாட்டியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். தலைக்கு மேலே லாரி டிரைவர் சன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார். விரலிடுக்கில் பீடி.

“பீடி, பீடி!” என்று கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரிந்ததோ இல்லையோ, வாசம் தெரிந்திருக்கிறது. பீடியை உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டார்.

அக்காவை இழுத்தெடுத்து, பேக்கரி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். லாரி டிரைவர் இறங்கி வந்து இரண்டு கையையும் அசைத்துப் பின்னால் வந்த வண்டிகளைத் தள்ளி நிறுத்தினார். நான் திரும்பிப் போய் பானெட்டைத் தூக்கினேன்.

கண்ணாடிச் சன்னலில் கோட்டுக்கு மேல் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. கோடே மூழ்கிக் கண்ணாடி முழுவதும் பெட்ரோல். அதற்குள் ரோஸ் நிறத்தில் ஒரு இழை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதன் கூடப்பிறந்தது ஒன்று ஊசியடியில் சிக்கி, வழி அடைபடாமல் பிடித்திருக்க வேண்டும். வழிந்தது குழாயின் மேல் விழுந்து ஆவியாகியிருந்தது. ஏன் பற்றவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார். அந்த நிறத்தை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கிண்ணத்தின் விளிம்பில் இன்னும் ஒரு சொட்டு தொங்கியது. அவர் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போயிற்று. அதே ரோஸ் துணியை எடுத்து, சொட்டைத் துடைக்க, அனல் தணியாத குழாய் பக்கம் நீட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘ஏனுங்க’ என்றே கூப்பிட்ட அக்கா, நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்:

“கீழ போடு.”

அண்ணன் போட்டார்.