மூன்றாம் இடத்தில் தங்கை

தங்கை இங்கிலாந்தில் தேர்தலில் நிற்கப் போகிறாள் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் வந்தது. நர்ஸ் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமாகிக் குடியிருந்தவள். அந்த ஊர் மாநகர சபைக்கு, அவள் வசிக்கும் வார்டில், பெரிய கட்சி ஒன்றின் சார்பில் நிற்கிறாளாம். நம் பாஷையில் கவுன்சிலர். ரிசீவரை அப்பாவிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது என் கைக்குத் திரும்பவே இல்லை.

காரணம் உண்டு. எங்கள் அவனியாபுரத்தில் அப்பாவை லேத் பட்டறைக்காரர் என்று தெரிந்தவர்களைவிடத் தேர்தலில் தோற்றவர் என்று தெரிந்தவர்கள் அதிகம். தொண்ணூறுகளில் ஒரு முறை, அதற்கடுத்த தேர்தலில் இன்னொரு முறை, இரண்டு தடவையும் சுயேச்சையாகக் கவுன்சிலருக்கு நின்றார். இரண்டு தடவையும் டெபாசிட் போனது. முதல் முறை பூட்டு சாவிச் சின்னம். இரண்டாம் முறை சீப்பு. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லாத மனிதருக்குச் சீப்புச் சின்னம் ஒதுக்கிய அதிகாரி யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் போய்ச் சண்டை போடுவேன். மேடையில் அதைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து தெருமுனைப் பெட்டிக்கடைக்காரருக்கு அப்பா 'சீப்பு அண்ணே'தான்.

தோல்வியைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அவர் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, துண்டைத் தோளில் இட்டு, வார்டு முழுக்க வீடு வீடாகப் போய்க் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஜெயித்தவர்கூடப் போகவில்லை, இவர் போனார். ஓட்டுப் போடாத வீடு எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கேயும் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பொருமிக்கொண்டிருந்தேன்.

அதனால் தங்கை நிற்கிறாள் என்றதும் அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் ரத்தத்தில் ஒருவராவது ஜெயித்ததைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பட்டறையில் வேலை ஓடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் பேசும்போது கேள்வியாகக் கேட்டார். சின்னம் என்ன? அங்கே ஆளாளுக்குச் சின்னம் கிடையாது, பேரைப் படித்துத்தான் போடுவார்கள் என்றாள். சுவர் விளம்பரம்? கூடாதாம். மைக் கட்டிய ஆட்டோ? கிடையாதாம். வாசல் வாசலாகப் போய்க் கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுப்பதுதான் பிரசாரம் என்றதும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. அது அவருக்குத் தெரிந்த வேலை.

இன்னொன்றும் சொன்னாள். அவள் கட்சியிலிருந்து அதே வார்டில் மூன்று பேர் சேர்ந்து நிற்கிறார்களாம். அப்பா உடனே புரிந்துகொண்டார். நம் ஊரில் ஒருவர் மனு தள்ளுபடியானால் கட்சி தவித்துப் போகக் கூடாதென்று மாற்று வேட்பாளரையும் மனுப் போட வைப்பார்கள் இல்லையா, அதுதான் இது. "விவரமான கட்சிதான்" என்று பாராட்டினார். அவள் ஏதோ விளக்க வந்தாள். அதற்குள் அவர் பூத் ஏஜெண்ட் விஷயத்துக்குப் போய்விட்டார். தெருவில் எல்லாரிடமும், மெயின் வேட்பாளர் தன் மகள்தான், மற்ற இருவரும் மாற்று என்று சொல்லி வைத்தார். நானும் அதைத்தான் நம்பினேன்.

முடிவு வரும் நாளும் வந்தது. அங்கே மதியம் எண்ணி முடித்தால் நமக்குச் சாயங்காலம். அப்பா விடியற்காலையிலேயே சவரம் செய்துகொண்டார். முந்தின நாள் வாங்கிவந்த பெரிய சரவெடிச் சுருள் பரணில் இருந்தது. சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினார். வழியெல்லாம் ஒரே விசாரிப்பு. "என்னண்ணே, முன்னணி நிலவரம் எப்புடி?" என்று கேட்டார் பெட்டிக்கடைக்காரர். கேலிதான், ஆனால் அவரும் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, அந்தப் புழுக்கமான அறையில் நிற்க இடமில்லை. தேர்தல் என்றாலே எரிந்து விழுகிறவள் நான். அன்றைக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்த ஊர் மாநகர சபையின் பக்கத்தை எப்படியோ பிடித்துவிட்டோம். வார்டு வார்டாக முடிவு போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வார்டு வரவில்லை. திரும்பத் திரும்பப் பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒவ்வொரு முறையும் அது மேலிருந்து கீழாகச் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. எல்லாரும் என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். யாரோ என் தோளில் கையை ஊன்றியிருந்தார். திட்டக்கூடத் தோன்றவில்லை.

வந்தது. முதலில் ஒரு வெள்ளைக்காரர் பெயர், அவள் கட்சி. இரண்டாவது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அவள் கட்சி. மூன்றாவதாகத் தங்கையின் பெயர். பக்கத்தில் ஓட்டு எண்ணிக்கை. இன்னும் பாதிப் பக்கம் இறங்க வேண்டியிருந்தபோது கரண்ட் போய்விட்டது.

இருட்டில் அப்பாதான் முதலில் பேசினார். "மாத்து வேட்பாளருக்கு விழுந்ததுகூட நம்ம புள்ளைக்கு விழுகலயே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பார்க்காத ஊர் மீதும், முகம் தெரியாத அந்த இருவர் மீதும் அப்படியொரு கோபம். வெளியே வந்தபோது பெட்டிக்கடைக்காரர் அப்பாவைச் சீப்பு அண்ணே என்று கூப்பிடவில்லை. "விடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. நான் ஓடுவதற்குள் அப்பா எடுத்துவிட்டார். நான் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டவைத்துக்கொண்டேன். அவள் 'அப்பா' என்றாள், அவ்வளவுதான். அதற்குமேல் அவளை அவர் பேச விடவில்லை.

"ஆத்தா, பாத்துட்டோம். மனச விட்றாத. நான் சொல்றபடி செய்யி. காலையில வெள்ளன எந்திரிச்சுக் குளிச்சு, நல்ல சேலையா எடுத்துக் கட்டு. வீடு வீடாப் போயிக் கும்புட்டு நன்றி சொல்லு. போடாதவங்களுக்கும் சொல்லு. மொதத் தெருவுல காலு நகராது. ரெண்டு தெரு தாண்டிட்டா அம்புட்டுப் பாரமும் எறங்கிரும்."

கதவைச் சாத்திக்கொண்டு நான் பொருமிய அந்தக் காலைகளில் அவருக்குக் கால் நகராமல் இருந்திருக்கிறது. எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம். பிறகு தங்கை சொன்னாள்: "அப்பா, நான் ஜெயிச்சுட்டேன்ப்பா. இந்தத் தடவ இங்க ஒரு வார்டுக்கு மூணு கவுன்சிலரு. மொத மூணு பேரும் ஜெயிச்சவங்கதான். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் கேக்கல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாற்று வேட்பாளரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அந்த வயதில் அப்படிக் குதித்ததை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. அப்பா மட்டும் ரிசீவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். மெதுவாகக் கேட்டார்:

"ஜெயிச்சா என்ன ஆத்தா செய்யணும்? எனக்கு அது தெரியாதே."

தங்கை என்ன பதில் சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. நான் பரணில் ஏறிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத தெருவில் அந்தச் சரவெடி வெடித்ததே, அப்படியொரு வெளிச்சம்! என்னமோ ஏதோ என்று ஓடிவந்தவர்களிடமெல்லாம் ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர் என்பதை நான் தொண்டை கட்டும்வரை விளக்கினேன். பெட்டிக்கடைக்காரர் கடையிலிருந்த கடலை மிட்டாய் பாட்டிலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, துண்டைத் தோளில் இட்டார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "போயிட்டு வாரேன்" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை நான் கதவைச் சாத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தேன்.

முதலில் பெட்டிக்கடை. அப்பா கைகூப்பி, மகள் ஜெயித்ததற்கு நன்றி என்றார். கடைக்காரர் திகைத்துப் போனார்.

"அண்ணே, எங்களுக்கு எதுக்குண்ணே நன்றி? நாங்க என்ன ஓட்டா போட்டோம்?"

"எனக்கு மட்டும் போட்டீங்களாக்கும்?" என்றார் அப்பா. "அப்பவும் வந்து சொன்னேன்ல."

கடைக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து, அப்பாவின் கூப்பிய கைகளை அப்படியே பிடித்துக்கொண்டார்.