அரைப்பேர்

பெற்றோர் கூட்டம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. தொண்டை வறளப் பேசிவிட்டு, கடைசியில் பிள்ளை பாஸா பெயிலா என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும். எங்கள் பாடசாலைக்குத் தொழிற்பிரிவு வந்தபோது, அதைப் பெற்றோருக்கு விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த தாய்மாரிடம் எதை எப்படிச் சொல்வதென்று எனக்குச் சரியாகத் தெரியாது.

மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் 'தொழிற்கொத்து' என்று இருந்தது. ஆசிரியர் அறையில் அன்றைக்கே கொத்து ரொட்டிப் பகிடி தொடங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, இப்படித் தமிழ்ப்படுத்தியவர்மேல் எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் விஷயம் நல்ல விஷயம். பிள்ளையை ஒரேயொரு வேலைக்கென்று பழக்காமல், உறவுள்ள வேலைகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவானதை முதலில் படிப்பிப்பது. பிறகுதான் ஒன்றைத் தெரிவு செய்வது. ஆஸ்பத்திரி என்றால் நோயாளிகளைப் பராமரிப்பது, மருந்துக் களஞ்சியம், வருகிறவர்களின் விவரம் எழுதும் பதிவுக் கருமபீடம் எல்லாம் ஒரே கூட்டம்.

இதையெல்லாம் சொல்லி, "விருப்பமானவங்க இன்றைக்கே பேர் பதியலாம்" என்று முடித்தேன். முன்வரிசைக் கதிரையில் இருந்த ஒரு தாயின் முகம் மாறியது. கணவனை இழந்தவர், கொழுந்து பறிக்கிறவர். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய ஒரே மகள் அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றாள்.

"படிக்கட்டும் டீச்சர். பேரு பதிய மட்டும் விடமாட்டேன்" என்றார்.

சும்மா கிடைப்பதையும் வேண்டாம் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. மகள்தான் மெல்லிய குரலில் விளக்கினாள். தோட்டத்தில் பேர் பதிவதென்றால் தொழிலாளியாகச் சேர்வது. சேர்ந்த பிறகு ஒவ்வொரு நாளும் செய்த வேலைக்குப் பேர் போடுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பொழுதெல்லாம் மலையில் நின்றாலும் பாதி நாள் சம்பளம். மகளுக்கு அது வேண்டாம் என்றுதான் அந்தத் தாய் அவளைப் படிக்கவைத்திருக்கிறார். அவரிடம் போய் நான் பேர் பதியச் சொல்லியிருக்கிறேன்.

இது பாடசாலைப் பதிவு மட்டும்தான் என்று நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "அப்ப பாஸான புள்ளைங்களுக்கு மேல்வகுப்பு, எம்புள்ளைக்கு இது. இது முழுப்பேரா அரைப்பேரா டீச்சர்?"

பெயிலான பிள்ளைகளை ஒதுக்கிவைக்க ஒரு வகுப்பு என்றுதான் எங்கள் ஆசிரியர் அறையிலேயே பேச்சு. சமாளித்துக்கொண்டு, தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் காம்பராக்கள் மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே கூரைக்குக் கீழே அடுத்தடுத்து இருக்கும் வேலைகள், ஒன்று சரிவராவிட்டால் பக்கத்துக் காம்பராவுக்குப் போகலாம் என்றேன்.

"லயத்துல நடுவுல செவரு இருக்கே டீச்சர்" என்றார். கூட்டம் சிரித்தது.

இதில் சுவர் இல்லை, அதற்கு நான் பொறுப்பு என்று வாயை விட்டுவிட்டேன். மகளின் பேரைப் பதிந்துவிட்டுப் போனார்.

அவள் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையைத் தெரிவு செய்தாள். பொதுவான பாடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சிக்காகக் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தீக்காயத்துக்கு மருந்து கட்டுவதைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். சில நாள் கழித்து மறுபடியும் விழுந்தாள். இந்த வேலைக்குச் சரிவரமாட்டாள், கூட்டிக்கொண்டு போங்கள் என்று தகவல் வந்தது.

நான் போனபோது பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அம்மா கேட்டது சரிதான் மிஸ். எனக்கு அரைப்பேருதான்" என்றாள். அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பயிற்சிக்குப் பொறுப்பானவர், வேலையை மாற்றுவதென்றால் அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். அந்தத் தாய் சொன்ன சுவர் என் கண்முன்னே நின்றது. அடுத்த ஆண்டு வரை தோட்டத்தில் சும்மா இருக்க யார் விடுவார்கள்? அதற்குள் அவள் அங்கே பேர் பதிந்துவிடுவாள். சுத்தம் பேணுவதும், நோயாளியோடு மூன்று மொழியிலும் பேசுவதும், கேட்டதை வெளியே சொல்லாமலிருப்பதும் அவளுக்கு மயக்கத்தோடு மறந்துபோகவில்லையே என்று கேட்டேன். அதெல்லாம் எல்லா வேலைக்கும் பொதுவென்றுதானே கூட்டமாகச் சேர்த்தார்கள் என்றேன். அவர் கோப்பை மூடிவைத்தார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில், பதிவுக் கருமபீடத்தில் வைத்துப் பார்ப்போம் என்றார்.

சில மாதங்கள் கழித்துப் பயிற்சியைப் பார்வையிடப் போயிருந்தேன். வெளிநோயாளர் வரிசையில் அந்தத் தாய் நின்றார். முழங்கால் வலியாம். மகள் இருக்கும் இடமென்று முன்னால் போகவில்லை. முறை வந்தபோது, எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் மகள் கேட்டாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

தோட்டத்தில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னார்.

"முழுப்பேரும் சொல்லுங்கம்மா."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தகப்பன் பெயரோடு சேர்த்துத் தன் பெயரைச் சொன்னார். மகள் அதைக் கணினியில் பதிந்து, சரிதானா என்று உரக்க வாசித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முழுப்பேரு, டீச்சர்" என்றார்.