கோர்பினின் அணில் துப்பாக்கி

கென்டக்கி மலையில் இருந்தபோது வெண்டல் ஸ்டிடம் என்பவரிடம் "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று யாராவது கேட்டிருந்தால், "எந்தத் துப்பாக்கி?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். கதவுக்குப் பின்னால் ஒன்று, வண்டிக்குள் ஒன்று, துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒன்று. மற்ற ஊர்களில் குடை வைத்திருப்பதுபோல அங்கே துப்பாக்கி வைத்திருந்தார்கள். அதற்காக மனிதர் சண்டைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்தே வேலை பார்த்தவர். நிமிர்ந்து நின்று சண்டை போட முதுகு வேண்டுமே!

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. சுரங்கத்தை மூடினார்கள். மனைவி க்ளென்னாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. நியூ ஜெர்சியில் இருந்த மகள் ரொன்டா போனில் ஒரே பிடியாகப் பிடித்தாள். "இங்க வந்துடுங்கப்பா. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. அம்மாவுக்கு என் கிட்னி பொருந்துமான்னு பார்க்கச் சொல்றேன்." வேறு வழி இல்லை. இருந்த துப்பாக்கிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டாயிரத்து ஒன்பதில் கிளம்பினார்கள். ஒன்றை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. அது கோர்பினுடையது.

கோர்பின் அவர்களுடைய மகன். பன்னிரண்டு வயதில், கறிக்கு அணில் அடிக்க, கிறிஸ்துமஸுக்கு அந்த அணில் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தார்கள். இருபது வயதில் அவனும் சுரங்கத்துக்குப் போனான், அடிபட்டான். வலிக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அவனைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பொருள் நிலைக்கவில்லை. தன் வண்டியை விற்றான். அம்மாவின் கல்யாண மோதிரத்தை விற்றான். துணி துவைக்கும் மெஷினை முற்றத்திலிருந்து பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போய் விற்றான். கேட்டால் பொய். கண்ணைப் பார்த்துப் பொய். திருட்டைக்கூட வெண்டல் பொறுத்துக்கொண்டார். அந்தப் பொய்தான் அவரை எரித்தது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால், காருக்குள் அவனைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள். இருபத்தாறு வயது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தபோது அணில் துப்பாக்கி எண்ணெய் போட்டுத் துடைத்தபடி இருந்த இடத்திலேயே இருந்தது. அடகுக்கடையில் உடனே காசு தந்திருப்பார்கள். அதை மட்டும் அவன் தொடவில்லை. தன் மகனிடம் மிச்சம் இருந்த நல்ல குணத்துக்கு க்ளென்னா வைத்திருந்த ஒரே சாட்சி அதுதான்.

நியூ ஜெர்சியில் ரொன்டாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியேறினார்கள். வெண்டலுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. அதோடு மருத்துவக் காப்பீடும் கிடைத்தது. க்ளென்னாவை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். பஸ், ஆஸ்பத்திரி, பஸ், தூக்கம். ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்திருப்பதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஜன்னலுக்கு வெளியே அணில்கள் பூனைக்குட்டி கனத்தில் உருண்டுகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அம்மாள் அவற்றுக்குப் பெயர் வைத்து வேர்க்கடலை ஊட்டினாள்.

ஒருநாள் சோபாவில் படுத்தபடியே க்ளென்னா சொன்னாள்: "ஏய் கிழவா, எனக்கு அணில் குழம்பு வேணும்."

"டாக்டர் திட்டுவாரு."

"டாக்டர் குடுக்கிற சோத்தைத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. ஒரு கரண்டி போதும். சோளரொட்டியத் தொட்டு ஒரு வாய்."

மாதக்கணக்கில் அவள் எதையும் கேட்டதில்லை. வேட்டை அனுமதி வாங்கி, வடக்கே காட்டுப் பக்கம் போய் இரண்டு அணில் அடித்து வந்தால் ஆயிற்று என்று வெண்டல் தோட்டா வாங்கக் கிளம்பினார். கடைக்காரர் பெயர் கார்மைன். தொப்பையும் தங்கச் சங்கிலியுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"கார்டு?" என்றார் கார்மைன்.

"என்ன கார்டு?"

"துப்பாக்கிக்காரங்க கார்டு. போலீஸ் ஸ்டேஷன்ல கைரேகை குடுத்து, இவரு நல்லவருதான்னு ரெண்டு பேர் எழுதிக் குடுத்து, பொறுமையா காத்திருந்தா வரும்."

"நான் துப்பாக்கி கேக்கலையே. அணில் சுடற பொடித் தோட்டாதானே கேட்டேன்."

"இங்க அணிலுக்கும் அதே கார்டுதான், பெரியவரே."

வெண்டல் சிரித்துவிட்டார். ஊர்க்காரப் பழக்கம், முகம் தெரியாதவரிடமும் நாலு வார்த்தை பேசாமல் கடையை விட்டு வரத் தெரியாது. "சரி, வாங்கிட்டு வர்றேன். துப்பாக்கி கைவசம் இருக்கு, என் பையனோடது. குழல்ல பதினேழு தோட்டா போட்டுட்டா, மறுபடி பைக்குள்ள கைவிடற வேலையே இல்ல. அழுத்த அழுத்த வந்துக்கிட்டே இருக்கும்."

கார்மைன் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல."

"ஏன்?"

"பதினஞ்சுக்கு மேல பிடிக்கும், தானா அடுத்தது ஏறும்னா, இந்த மாநிலத்துல அது ராணுவத் துப்பாக்கி கணக்கு. சுட வேணாம். வீட்ல வெச்சிருந்தாலே ஜெயில்."

"பன்னெண்டு வயசுப் பையனுக்கு கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்ததுங்க அது."

"நீதிபதிகிட்டயும் இதையே சொல்லுங்க. அவரும் அழுவாரு. அழுதுக்கிட்டே உள்ள போடுவாரு."

குழலை அடைத்துக் கொடுக்க முடியாதா என்று வெண்டல் கேட்டார். அதைக் கையில் வாங்கிய நிமிடமே தானும் அவரோடு உள்ளே போக வேண்டியதுதான் என்றார் கார்மைன். போலீஸுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்படைத்தால் கேஸ் வராது. உருக்கிவிடுவார்கள். "இல்லன்னா வந்த வழியே போகட்டும். ஆத்துக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியா. பாலத்தைத் தாண்டிட்டா அது மறுபடியும் வெறும் அணில் துப்பாக்கி. ஆனா பாலம் வரைக்கும் உங்க பாடு. நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல."

வீட்டுக்கு வந்து சொன்னபோது க்ளென்னா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"போலீஸ்லயே குடுத்துடலாம்" என்றார் வெண்டல். "மாட்டினா வேலை போகும், காப்பீடு போகும். ரொன்டாவோட கிட்னி பொருந்துதுன்னு டாக்டர் சொன்னா உன்னை ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறது? எனக்கு இனிமே தெம்பில்ல, க்ளென்னா. எதுகூடவும் மல்லுக்கட்ட முடியாது."

"உருக்கிடுவாங்களா?"

"உருக்கிடுவாங்க."

அவள் மோதிரம் இல்லாத விரலைத் தடவினாள். பிறகு, "அவன் என் மோதிரத்தை வித்தான், இதை விக்கல" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் வெண்டல் வாதாடவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

க்ளென்னாவின் தம்பி ஹெர்ஷெல் ஊரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். "வீட்டுக்கே வந்து எடுத்துக்கறேன் மச்சான்" என்றான். வெண்டல் ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டினால் ஒரு ஆளோடு போகட்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்கில் நிற்கச் சொன்னார். தனியாகவே போய்விட்டு வரத்தான் நினைத்தார். டயாலிசிஸ் முடிந்து வீட்டில் இறக்கிவிடும்போது க்ளென்னா இறங்கவில்லை. "நானும் வருவேன். என் தம்பியப் பாத்து வருஷமாச்சு" என்று சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்தார். பிறகு ஓட்டினார் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டு! விளக்கு போட்டு, மஞ்சள் கோட்டைத் தொடாமல், யாரையும் முந்தாமல், சட்டத்துக்கே சட்டம் சொல்லிக் கொடுப்பவர்போல. நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. பாலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருக்கும். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது.

ஓரம் கட்டினார். சின்ன வயசு போலீஸ்காரர், நல்ல மரியாதைக்காரர். குனிந்து, "எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுதா சார்?" என்றார்.

"தெரியலையே."

"எல்லாரும் அறுபத்தஞ்சுல போற ரோட்டுல நீங்க நாப்பதுல போறீங்க. பின்னாடி வர்றவன் இடிச்சிடுவான் சார். எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

வெண்டலின் இரண்டு கைகளும் தாமாகவே ஸ்டியரிங்கின் மேல் ஏறி விரிந்து நின்றன. மலையில் அதுதான் மரியாதை. போலீஸ் நிறுத்தினால், அவர் கேட்பதற்கு முன்பே, வண்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று நாமே சொல்லிவிட வேண்டும். "அப்படியா, நல்லது, அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவரும் வேலையைப் பார்ப்பார். ஒளிப்பவன்தான் கள்ளன். அப்பா அப்படிச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர் வெண்டல். மகனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். நாற்பது வருடப் பழக்கம் வாயைத் திறந்தது.

"ஆபீசர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடணும்..."

"சொல்லுங்க சார்."

வார்த்தை உதட்டுக்கு வந்துவிட்டது. அதற்குள் க்ளென்னா அவர் தொடையில் கையை வைத்து முன்னால் சாய்ந்தாள்.

"அவரு சொல்ல மாட்டாரு தம்பி, வெக்கப்படுவாரு" என்றாள். "வேகமாப் போனா எனக்கு வாந்தி வரும். காலைல வண்டியெல்லாம் நாறடிச்சிட்டேன். கிட்னி போச்சு பாரு எனக்கு." கட்டுப் போட்ட கையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பி காத்துக்கிட்டு இருக்கான். அவனப் பாக்கத்தான் உருட்டிக்கிட்டுப் போறோம்."

அன்று காலை அவள் வாந்தியே எடுக்கவில்லை. வெண்டல் திறந்த வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. கடைக்காரன் மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுத்தால் மழையில் திரும்பி நடப்பவள்.

போலீஸ்காரர் அந்தக் கையைப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. "அபராதம் எல்லாம் ஒண்ணும் வேண்டாம் மேடம். ஆனா இப்படித் தனியா ஊர்ந்து போறது ஆபத்து. பாலம் வரைக்கும் நான் பின்னாடி விளக்கு போட்டுக்கிட்டே வர்றேன். நீங்க உங்க இஷ்டத்துக்கு மெதுவாப் போங்க."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆக, கோர்பினின் அணில் துப்பாக்கி, ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய அந்த ராணுவத் துப்பாக்கி, போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றிக் காவல் வர, மந்திரி போவதுபோல மாநில எல்லை வரை போய்ச் சேர்ந்தது. வெண்டலுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கண்ணாடியில் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். க்ளென்னா நேராகப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் வாயில் போலீஸ்காரர் நின்று கையசைத்தார். அந்த நல்ல மனிதனுக்கு அவளும் கையசைத்தாள்.

பெட்ரோல் பங்கில் ஹெர்ஷெல் அக்காவைக் கட்டிக்கொண்டான். போர்வையை அப்படியே வாங்கித் தன் வண்டியில் வைத்தான். "எங்க வீட்டு அலமாரில என் துப்பாக்கிங்களோட இருக்கட்டும். எப்ப வந்தாலும் எடுத்துக்கலாம்" என்றான். போலீஸ் காவலைப் பற்றி வெண்டல் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், திரும்பிப் போறப்ப அந்த ஆளு வீட்டுக்கு ஒரு கேக்கு வாங்கிட்டுப் போ!" வெண்டலும் சிரித்தார். ஊருக்கு ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டுமே என்று ஹெர்ஷெல் சீக்கிரமே கிளம்பிவிட்டான்.

காரில் க்ளென்னா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கை இரண்டும் மடியில் வெடவெடவென்று நடுங்கின. வெண்டல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"வேணாம்."

"அப்புறம் ஏன் இப்படி நடுங்குது?"

"ஒரே ஒரு பொய், வெண்டல்" என்றாள் அவள். "ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். உடம்புல இருக்கிற சத்தெல்லாம் போயிடுச்சு. அவன் தெனம் சொன்னானே. காலைல எந்திரிச்சதுலேர்ந்து உங்கிட்ட, எங்கிட்ட, எல்லார்கிட்டயும். எம்புள்ள எவ்வளவு அலுத்துப்போயிருப்பான்!"

வெண்டல் அதை ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. சாவியைப் போட்டார். திருப்பக் கை வரவில்லை.