அமுதா இல்லாத சைக்கிள்

நெதர்லாந்தில் நாங்கள் இருக்கிற ஊரில், சிக்னலில் நிற்கும் சைக்கிள்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்த்தாலும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். என் சைக்கிளோ நம்மூர்க் கண்ணுக்கு விநோதமானது. பின்னால் நான் மிதிக்க, முன்னால் இரண்டு சக்கரங்களோடு ஒரு நாற்காலி பூட்டியிருக்கும். அதில் என் மகள் அமுதா இருப்பாள். பதினோரு வயது. பிறக்கும்போது மூளைக்குக் காற்று குறைந்துபோனதில் நடை இல்லை, பேச்சு இல்லை, கைகால் இறுகியே இருக்கும். ஆனால் காற்று முகத்தில் அடித்துவிட்டால் ஒரு கூச்சல் போடுவாள் பாருங்கள், கால்வாயில் மிதக்கிற வாத்துகூட விலகிப் போகும். அத்தனை கூச்சலுக்கும் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டதில்லை. இப்போது நாற்காலி காலியாக இருக்கிறது. எல்லோரும் கேட்கிறார்கள்.

போன வாரம், தினமும் சிக்னலில் என் பக்கத்தில் நிற்கிற பச்சைக் கோட்டுக்கார அம்மா முதல்முறையாக வாய் திறந்தார். "உங்கள் மகள் எங்கே?" இந்தியாவில், என் தம்பி வீட்டில் என்றேன். "அது நல்ல இல்லமா? பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். தம்பி பெண்டாட்டி செல்விக்கு என்ன பயிற்சி இருக்கிறதென்று யோசித்துப் பார்த்தேன். ஏலக்காயைத் தரம் பிரிப்பதில் கெட்டிக்காரி என்று சொன்னேன். அவர் ரொம்பவும் மரியாதையாகத் தலையாட்டினார். சிக்னலில் பச்சை விழுந்தது, போய்விட்டார்.

இவர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் சைக்கிளில் மிதிக்கக் கைகொடுக்கிற பேட்டரி செத்துப்போக, நாற்காலியை மட்டும் கழற்றி அமுதாவைப் பஸ்ஸில் ஏற்றினேன். நாற்காலியைப் பஸ்ஸின் பெல்ட்டில் மாட்ட வேண்டும், ஏதோ சிக்கிக்கொண்டது. அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு மாட்ட முடியவில்லை. ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் யோசிக்கவே இல்லை, அமுதாவை அவள் மடியில் வைத்துவிட்டுக் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தால் அந்தப் பெண் சூடு பட்டவளைப் போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறாள். டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "மெஃப்ராவ்" என்று டச்சில் அம்மா போட்டு, "குழந்தைக்கு வலிப்பா? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?" இல்லை, கொஞ்சநேரம் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் கொடுத்தேன் என்றேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. அந்தப் பெண்ணும் பாவம், என்ன செய்வாள்!

போடிநாயக்கனூர்க்காரிக்கு இது எப்படித் தப்பென்று தெரியும்? விடிகாலையில் போடிமெட்டு ஏறுகிற ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் புளிமூட்டையாக அடைந்திருப்பார்கள். கைப்பிள்ளையோடு ஒருத்தி ஏறினால், அவள் கேட்கும் முன்பே "பிள்ளையக் கொண்டா ஆத்தா" என்று நாலு கை நீளும். எந்தப் பிள்ளை எந்த மடியில் இருக்கிறதென்று மேலே போய் இறங்கும்போதுதான் தேடுவோம். அனுமதி கேட்டால்தான் அங்கே கோபித்துக்கொள்வார்கள்.

என் முதுகு எப்போது போனதென்று எனக்குத் தெரியாது. குளிப்பாட்ட, உடுத்த, சைக்கிளில் ஏற்ற, இறக்க என்று தூக்கித் தூக்கி ஒருநாள் குனிந்தவள் நிமிர முடியவில்லை. இனிமேல் தூக்கவே கூடாது, சைக்கிள் மிதிக்கலாம் என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். தூக்காமல் எப்படி ஐயா சைக்கிளில் வைப்பது? வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. அந்த அலுப்போடுதான் இந்த லீவுக்கு நானும் அமுதாவும் மட்டும் ஊருக்குப் போனோம்.

போடியில் சாயங்காலம் ஐந்து மணியானால் அமுதா அலற ஆரம்பித்தாள். சைக்கிள் நேரம். தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிற என் தம்பி முருகன் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் ஏலக்காய்க் கடையில் மூட்டை இழுக்கிற மூணு சக்கர லோடு சைக்கிளைக் கொண்டுவந்து, பலகையில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினான். கடைவீதிக்குள் போனதுதான் தப்பு. பத்தடிக்கு ஒருவர் நிறுத்தினார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள். "எந்தச் சாமி குத்தமோ, பாவம்" என்றார் ஒருவர். "கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டு ஆத்தா, வாய் வந்துரும்" என்றாள் ஒருத்தி. அமுதாவுக்கு வேண்டியது காற்று, கிடைத்தது அனுதாபம். கடித்துவைப்பவள் மாதிரி முறைத்தாள். எனக்கும் யாரையாவது கடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் முருகன் பொட்டிபுரம் பக்கம் போகிற ஆளில்லாத ரோட்டுக்கு வண்டியை விட்டான். செல்வி பலகையில் ஏறி அவளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் மொபெட்டில் போனேன். மலைக்காற்று முகத்தில் அடிக்க, அதே கூச்சல்! செல்வியும் சேர்ந்து கத்தினாள். திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் அவளை இடுப்பில் வைத்து அலட்சியமாக இறக்கினாள்.

அன்றைக்குத்தான் முருகன் ஆரம்பித்தான். "அக்கா, ஒன் முதுகு சரியாகுற மட்டும் புள்ள இங்கனயே இருக்கட்டும். அங்க போயி நீயும் படுத்துக்கிட்டா அவள யாரு பாக்குறது?"

"அவ என்னத் தேடுவாடா."

"நான் இருக்கேன்ல மதினி," என்றாள் செல்வி. "நீங்க போயி நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாங்க."

பெற்றவளுக்குப் பிள்ளை பாரமா என்று பேசுவார்கள். பேசட்டும். தூக்கம் என்ற அந்த ஒரு வார்த்தையில் நான் சரிந்துவிட்டேன். வீட்டுக்காரரும் போனில் சரியென்றார். இப்போது நன்றாகத்தான் தூங்குகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தூங்குகிறேன். முருகன் லோடு சைக்கிளில் இரும்பு நாற்காலியே வெல்டிங் வைத்துவிட்டானாம். தினமும் வீடியோ வருகிறது. அதில் அமுதா கத்துகிற கத்தலைக் கேட்டால் சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

நான் கிளம்பிய நாள் போடி ஸ்டேஷனில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வியின் மடியில் அமுதா இருந்தாள். அவள் விரல்கள் எதையாவது பற்றிவிட்டால் தானாக விடாது. முத்தம் கொடுக்கக் குனிந்தேன். ஒரு கையால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை ஏற்கெனவே செல்வியின் சேலையில் இருந்தது. மதுரை வண்டி ஊதிவிட்டது.

"வெரசா ஏறுங்க மதினி," என்று அழுதுகொண்டே செல்வி என் துப்பட்டாவில் இருந்த கையைப் பிடித்து இழுத்தாள். அமுதா வலியில் வீரிட்டாள்.

"இழுக்காத செல்வி. கட்டை விரல்ல இருந்து பிரிக்கணும், இங்க பாரு," என்று சொல்லிக்கொடுத்தபடியே, என் துப்பட்டாவிலிருந்து என் மகளின் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்தேன். செல்வியின் சேலையைப் பிடித்திருந்த கையை நான் தொடவில்லை.